ருமியாத்தியின் அப்பா வந்திருந்த நாலு நாள்

ருமியாத்தியின் அப்பா என் கதவைத் தட்டியபோது, யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் பாவாடை மடிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை, மாலை நாலரை இருக்கும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கறுப்புத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, தாடியென்று சொல்லிக்கொள்ள நாலைந்து வெள்ளை முடி. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"பக்கத்து ரூம் ருமியோட அப்பாம்மா நான். பேரு பொனிமின். ஊரு குனுங்கிதூல் பக்கம். உங்க பேரு என்ன?"

"ரொகாயா."

அவர் சட்டென்று பின்னால் திரும்பி, "பாத்தியா! ரொகாயாவாம். தெரியாதுன்னு சொன்னியே, கேட்டா சொல்லிட்டாங்க பாரு" என்றார்.

பின்னால், தன் அறை வாசலில், ருமியாத்தி நின்றிருந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பதினோரு வருடமாக எனக்குக் கிடைத்துவந்த அதே தலையசைப்பு. எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் பேர் ருமி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வெட்டுக்கிளி. நேத்து வறுத்தது. எடுத்துக்கங்க" என்று டப்பாவைத் திறந்தார்.

"ஐயோ பெரியப்பா, நான் ஜகார்த்தாவுலயே பொறந்தவ. எங்க ஆளுங்க வெட்டுக்கிளியப் பாத்தா ஓடுவோம்."

"நாங்களும் ஓடுவோம்மா. பிடிக்கிறதுக்கு."

சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்து வாயில் போட்டேன். பூண்டு வாசனையோடு மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. அன்று இருட்டுவதற்குள் எங்கள் சந்தில் எட்டு அறைக் கதவுகளையும் அவர் தட்டி முடித்திருந்தார். முனையில் கோழி சூப் விற்கிற சமின், அவன் மனைவி, எதிர்வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற கிழவர், எல்லோர் பேரும் அவருக்கு வந்துவிட்டது.

ஜகார்த்தாவின் தானா திங்கியில் எங்கள் சந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது சுவர்கூட இல்லை, ஒட்டுப்பலகைத் தடுப்பு. அவள் இருமல் எனக்குத் தெரியும். காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பாள் என்று தெரியும். ஐந்தரைக்குக் கிளம்புவாள், நாலு மணிக்குத் திரும்புவாள், கதவு சாத்திக்கொள்ளும். பாட்டு கேட்க மாட்டாள். யாரும் வர மாட்டார்கள். விடுமுறை நாளில் காலையில் எங்கோ போவாள், மத்தியானம் வெறுங்கையோடு வருவாள். முதலில் திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். பிறகு யாரோ ஆண் தொடர்பு இருக்கும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். எனக்கும் நாளுக்கு முப்பது கிலோ துணி இருந்தது.

அவளைப் பற்றி இனி நான் சொல்வதெல்லாம் அந்த நாலு நாளிலும் அதற்குப் பிறகும் அவளும் அவரும் சொல்லிக் கேட்டவை.

இருபது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பேர் சர்வோனோ, பக்கத்து ஊர்க்காரன். பதினான்கு மாதம் சேர்ந்து இருந்தார்கள். அவன் மலேசியாவுக்குப் பனை எண்ணெய்த் தோட்ட வேலைக்குப் போனான். மூன்று கடிதம் வந்தது. நாலாவது வரவில்லை. செத்தானா, வேறொருத்தியோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. ஊரில் தண்ணீர் எடுக்கப் போனாலும் விறகு பொறுக்கப் போனாலும் ஒரே கேள்விதான். "உன் வீட்டுக்காரன் எப்ப வர்றான்?" அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துத்தான் இருபத்திரண்டு வயதில் பஸ் ஏறி ஜகார்த்தா வந்தாள். கேள்வி அவளுக்கு முன்னாலேயே வந்து இங்கே உட்கார்ந்திருந்தது. முதல் வாடகை அறையில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "வீட்டுக்காரரு எங்க?" மலேசியாவில் என்றாள். "பணம் அனுப்புறாரா? லெபாரான் பெருநாளுக்கு வருவாரா?" பெருநாள் வந்தது, ஆள் வரவில்லை. அறையை மாற்றினாள். அடுத்த சந்திலும் அதேதான். மூன்றாவது சந்தில் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போனது. எங்கள் சந்து ஐந்தாவது.

வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், சீருடை கொடுக்கிற ஜன்னல். ஊழியர்கள் வந்து தங்கள் எண்ணைச் சொல்வார்கள். "அறுபத்து மூணு." இவள் அறுபத்து மூன்றின் சட்டையும் கால்சட்டையும் எடுத்து நீட்டுவாள். சாயங்காலம் அழுக்குச் சீருடை அதே ஜன்னல் வழியாக வந்து விழும். இருநூறு பேருக்குமேல். எல்லோருடைய இடுப்பளவும் அவளுக்குத் தெரியும். யார் இளைத்திருக்கிறார், யார் மாசமாக இருக்கிறார் என்று அவர்களுக்கே தெரிவதற்கு முன் தெரியும். பேர் தெரியாது.

ஊருக்குப் போக மாட்டாள், அம்மா இறந்தபோதுகூடப் போகவில்லை. மாதம் ஒருமுறை போன் மட்டும் செய்வாள். "இங்க எல்லாரும் நல்லவங்கப்பா. நெறையப் பேரு பழக்கம்" என்பாள். அம்மா உயிரோடு இருந்தபோது சொன்ன வார்த்தை. அம்மா போய் இரண்டு வருடம் ஆன பிறகும் அதையே அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா வருவார் என்று அவள் நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜகார்த்தா பக்கத்தில் பெகாசியில் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம், ஊரே வாடகை பஸ்ஸில் வருகிறது, நான் மட்டும் நாலு நாள் முன்னால் வந்து உன்னோடு இருந்து ஜகார்த்தாவைப் பார்க்கிறேன் என்று திடுதிப்பென்று போனில் சொல்லிவிட்டார். அவள் மேலாளரிடம் மூன்று நாள் விடுப்பு கேட்டாள். அவள் இதற்கு முன் விடுப்பு கேட்டதாகவே அவருக்கு நினைவில் இல்லாததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம்.

வியாழக்கிழமை மொனாஸ் நினைவுத்தூணுக்குக் கூட்டிப்போனாள். அவருக்கு அதுதான் ஆசை. பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து காலண்டரில் பார்த்த தூண். மேலே போய் அந்தத் தங்கச் சுடரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் பத்துப் பதினைந்து பஸ். லிஃப்டுக்கு நின்ற வரிசை தூணையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

ருமியாத்தி தாளில் எழுதி வைத்திருந்தாள். ஒன்பது மணி மொனாஸ், பதினொன்று அருங்காட்சியகம், ஒரு மணிக்குச் சாப்பாடு. அவர் வரிசையில் முன்னால் நின்றவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"லம்புங் பெரியப்பா."

"லம்புங்ல எங்க பக்கத்து ஆளுங்க இருக்காங்களே! வெட்டுக்கிளி சாப்பிடுவியா?"

பின்னால் நின்ற டீச்சரம்மா, குடை விற்கிறவர், தொப்பி விற்கிறவள், யாரையும் விடவில்லை. ருமியாத்தி இரண்டடி தள்ளி நின்று காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என் பொண்ணு. இங்கதான் பெரிய ஓட்டல்ல இருக்கா" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். இவளுக்குத் திரும்பச் சிரிக்க வரவில்லை. முகம் இறுகிப்போயிற்று.

இரண்டு மணி நேரம் நின்றும் பாதி வரிசைகூட நகரவில்லை. வெயிலில் அவருக்குத் தலை சுற்றும் என்று பயந்து, "போலாம்ப்பா" என்றாள்.

"போலாம்" என்று உடனே சொன்னார். ஒரு வருத்தமும் தெரியவில்லை. லம்புங்காரன் கையைப் பிடித்து விடைபெற்றார். அவன் அவருடைய போனில் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ருமியாத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, இங்க யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. கண்டவங்ககிட்ட எல்லாம் ஊரு பேரு சொல்லாதீங்க."

"சொன்னா என்னாகும்?"

"ஏமாத்துவாங்க."

"எங்கிட்ட என்ன இருக்கு ஏமாத்த? வெட்டுக்கிளியா?"

வெள்ளிக்கிழமை இஸ்திக்லாலில் ஜும்மா தொழ வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய பள்ளிவாசலில் தொழுதேன் என்று ஊரில் சொல்ல வேண்டுமே. அவள் அவரை வாசல்வரை விட்டாள். "முடிஞ்சதும் இதே படிக்கு வாங்க. இதே மரம். நான் இங்கதான் இருப்பேன்." சரி என்றார். ஆயிரக்கணக்கான ஆண்களோடு ஒருவராக உள்ளே போனார்.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. கறுப்புத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. எந்தப் பக்கம் பார்த்தாலும் அப்பா மாதிரியே நூறு பேர். கால் மணி, அரை மணி. கூட்டம் மெலிந்தது. செருப்புகள் குறைந்தன. படியில் தண்ணீர் விற்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர் வரவில்லை.

போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையில் சார்ஜில் போட்டதை அவர் எடுக்கவே இல்லை. போன் எங்கள் சந்தில், பூட்டிய அறைக்குள் இருந்தது.

மற்ற வாசல்களுக்கு ஓடினாள். ஏழு வாசல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் அவர் முதல் மரத்தடிக்கு வந்திருப்பாரோ என்று திரும்பி ஓடினாள். கடைசியில் பள்ளிவாசல் அலுவலக மேசைக்குப் போனாள். அங்கே இருந்த பெண் நாற்காலி கொடுத்து உட்கார வைத்து அடையாளம் கேட்டாள்.

"என்ன போட்டிருந்தாரு அக்கா?"

"இடுப்பு முப்பது. சட்டை பதினாலரை. கை நீளம் கொஞ்சம் கம்மி, மடிச்சுதான் விடணும்."

அந்தப் பெண் எழுதுகோலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நிறம் அக்கா, சட்டையோட நிறம்?"

ருமியாத்திக்கு நிறம் ஞாபகம் வரவில்லை. பின்னால் ஒருநாள் இதை என்னிடம் சொல்லும்போதுதான் முதல்முறையாக என் முன்னால் அழுதாள்.

ஒலிபெருக்கியில் மூன்று தடவை பேர் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கேட்டாள், "உங்க கூட யாராவது வந்து தேடுவாங்களா? ஒரு ஆள் இங்க நின்னா, ஒரு ஆள் சுத்திப் பாக்கலாம். யாரையாவது கூப்பிடுங்க." இவள் போனை எடுத்தாள். தம்பி வர்தோயோ ஊரில் இருக்கிறான். வாடகை வாங்குகிற அம்மாள் போகோரில். ஓட்டல் மேலாளர். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். அவ்வளவுதான். அந்தப் பெண் காத்திருந்தாள். இவள் யாரிடமோ பேசுவதுபோல போனைக் காதில் வைத்து, "வேலையா இருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

அவர் எங்கே இருந்தார் என்றால், எங்கள் சந்தில் இருந்தார்.

வேறு வாசலில் வெளியே வந்து மரத்தைத் தேடியிருக்கிறார். எல்லா வாசலிலும் மரம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தெருவில் நின்ற ஆட்டோக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். ஆட்டோக்காரருக்கு ஊர் வொனோகிரி. இவருக்குப் பக்கத்து மாவட்டம். அப்புறம் என்ன? "தானா திங்கி, கோழி சூப் சமின் இருக்கிற சந்து" என்று இவர் சொல்ல, அவர் காசுகூட வாங்காமல் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். மணி இரண்டு.

"ரொகாயாம்மா, எம்பொண்ணு அங்க தேடிக்கிட்டு இருப்பா. ஒரு போன் போடுங்களேன்" என்று வந்து நின்றார்.

"நம்பர் சொல்லுங்க பெரியப்பா."

"எனக்கு மனப்பாடம் இல்லையே. என் போன்ல இருக்கு, போன் உள்ள இருக்கு. உங்ககிட்ட இருக்குமே?"

என்னிடம் இல்லை. சமினிடம் போனேன். அவனிடமும் இல்லை. எட்டு அறையிலும் கேட்டேன். வாடகை வாங்குகிற அம்மாளுக்குப் போட்டால் எடுக்கவில்லை. எந்த ஓட்டல் என்று தெரிந்தால் அங்கேயாவது கேட்கலாம் என்றான் சமின். அப்பாவுக்கு ஓட்டல் பேர் வாயில் நுழையவில்லை, ஏதோ இங்கிலீஷில் நீளமாக வரும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பதினோரு வருடம் இருந்தவள் நான்தானே. எனக்குத் தெரியாது. சொல்வதற்கே வெட்கமாக இருந்தது.

"பூட்டை உடைச்சிரலாமா?" என்றான் சமின்.

"வேண்டாம். அது அவ வீடு" என்றார்.

சமினின் மனைவி சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டார். இரண்டு நாளாக வாய் மூடாத மனிதர், பெஞ்சில் உட்கார்ந்து சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையாவது கேட்டால் பதில் வந்தது, பேச்சு வரவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் அவள் வந்தாள். போலீஸில் கொடுக்க அப்பாவின் போட்டோ எடுக்க வந்திருக்கிறாள். நடை தள்ளாடியது, ஒரு காலில் செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. பெஞ்சில் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எப்ப வந்தீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"ரெண்டு மணிக்கா? நாலு மணி நேரம்! ஒரு போன் பண்ணச் சொல்லக் கூடாதா யார்கிட்டயாவது? இத்தனை பேரு இருக்காங்க, அத்தனை பேரு பேரும் தெரியும் உங்களுக்கு! நான் செத்துப் பொழச்சிட்டேன் அப்பா!"

அவள் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே இல்லை. அவர் எழுந்து நின்றார்.

"கேட்டேன்மா. யார்கிட்டயும் உன் நம்பர் இல்ல."

அதில் கோபம் கிடையாது, குத்திக்காட்டலும் கிடையாது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் ஒவ்வொருவரையாகப் பார்த்தாள். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போனாள். அவரும் பின்னால் போனார். அன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை.

சனிக்கிழமைக்கு அவள் தாளில் கடற்கரை என்று எழுதியிருந்தது. காலையில் அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதெல்லாம் வேண்டாம். லீவு நாள்ல நீ எங்க போவ? அங்க கூட்டிட்டுப் போ."

"நான் எங்கயும் போக மாட்டேன்ப்பா."

"காலையில போயி மத்தியானம் வருவியாமே. ரொகாயாம்மா சொன்னாங்க."

அவள் தாளை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். அவள் போகிற இடம் அதுதான். மின்சார ரயிலில் ஏறி, போகோர் வரைக்கும் ஜன்னலோரம் நின்றோ உட்கார்ந்தோ போவாள். அங்கே இறங்குவாள், எதிர் நடைமேடைக்குப் போவாள், திரும்பி வருகிற ரயிலில் ஏறுவாள். நிலையத்துக்கு வெளியே போனதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான்.

பெட்டி நெரிசல். ஒரு கல்லூரிப் பையன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். மங்கராய் நிலையம் தாண்டியதும் பக்கத்து இடமும் காலியாக, அவள் உட்கார்ந்தாள். அவர் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. பையனுக்கு நன்றி சொன்னதோடு சரி. இவளுக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது.

"ஏன் பேசாம வர்றீங்க?"

"உன்கூட வர்றேன்ல."

அவள் ஜன்னலுக்கு வெளியே காட்ட ஆரம்பித்தாள். அதோ அந்த மாடி வீட்டில் புறா வளர்க்கிறார்கள். இந்தச் சுவரை வருடா வருடம் வெள்ளையடிப்பார்கள், வருடா வருடம் கிறுக்குவார்கள். இந்த லெவல் கிராசிங்கில் ஒரு கொய்யாக்காய்க்காரி உட்கார்ந்திருப்பாள், இன்று காணோம். கொய்யா என்றதும் வேறொன்று ஞாபகம் வந்தது. அதையும் தானாகவே சொன்னாள்.

"ஓட்டல்ல நூத்திப் பதினேழுன்னு ஒருத்தர் இருந்தாருப்பா. தோட்ட வேலை. ஓட்டல் பின்னாடி கொய்யா மரம் ஒண்ணு. காய்ச்சா ஜன்னல்ல ரெண்டு வச்சிட்டுப் போவாரு. 'செங்காய்தான் ருசி'ன்னு சொல்வாரு. ஆறு வருஷம் வச்சாரு. ஒருநாள் அவரு டிரெஸ் மடிச்சு ஜன்னல்ல இருந்துச்சு, அடையாள அட்டையோட. வேலைய விட்டுப் போயிட்டாராம்."

"எங்க போனாரு?"

"தெரியாது. பேரு தெரியாம எப்படிக் கேக்குறது?"

"பேரு கேட்டிருக்கலாமே."

"நான் ஒண்ணு கேட்டா அவரும் ஒண்ணு கேப்பாரு. என் கழுத்துல கையில ஒண்ணும் இல்ல, வயசு இத்தனை, வீட்டுக்காரரு எங்கன்னு கேப்பாரு."

தெப்போக் நிலையத்தில் கூட்டம் இறங்கியது, கூட்டம் ஏறியது.

"நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது நான் எப்படி இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அவர் பேசவே மாட்டார். அம்மாதான் பேசுவாள், ஆட்டுக்கும் அடுப்புக்கும் வானத்துக்கும் சேர்த்துப் பேசுவாள். அவர் இருமுவார், ம் என்பார், வயலுக்குப் போய்விடுவார். பள்ளியில் அப்பா பேர் சொல்லச் சொன்னபோது, "ஊமையன் மகளா நீ" என்று பையன்கள் கேலி செய்தார்கள். இந்த மூன்று நாளாக வழியில் போகிறவரையெல்லாம் நிறுத்திப் பேசிய ஆள் எப்போது இப்படி ஆனார் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"உங்கம்மா போன பின்னாடி நாப்பது நாள் ஆளுங்க வந்தாங்க. அப்புறம் அவங்கவங்க வேலை. வர்தோயோவும் மருமகளும் நல்லவங்கதான், விடியக் கடைக்குப் போனா பொழுது சாய வருவாங்க. வீட்டுக்குள்ள ஒரே அமைதி. காது அடைச்சுப்போன மாதிரி இருக்கும். ஒருநாள் ஆட்டுக்கிட்ட பேசிக்கிட்டு நின்னேன். நானே பயந்துட்டேன். அதுக்கப்புறம்தான் ரோட்டுக்குப் போயி நின்னு போறவன் வர்றவன்கிட்ட வாயக் குடுக்க ஆரம்பிச்சேன். மொத மொத ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"போன்ல சொல்லவே இல்லையே?"

"நீயும்தான் நெறையப் பேரு பழக்கம்னு சொன்ன."

போகோரில் இறங்கினார்கள். எதிர் நடைமேடைக்குப் போகிற படிக்கட்டில் அவர் நின்று, வெளியே போகிற வாசலைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. போகலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், நீ போகிற மாதிரியே போவோம் என்றார். அடுத்த ரயிலில் ஏறினார்கள். பாதி வழியில் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்தப் பாரத்தோடு அசையாமல் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னாள். கை மரத்துப்போயிற்றாம். எடுக்கவில்லையாம்.

ஞாயிறு காலை எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார், கல்யாணம் முடிந்து அப்படியே ஊர் பஸ்ஸில் திரும்புவதாக. என் கையைப் பிடித்து, "வர்றேன் ரொகாயாம்மா" என்றார். பொண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று, என்னால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

பெகாசியில் கல்யாணப் பந்தலுக்கு வெளியேவே அவர்கள் ஊர் பஸ் நின்றிருந்தது. பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஊர் முகங்கள், இருபது வருடம் கூடுதலாக நரைத்து. ருமியாத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்மா."

"வேண்டாம்ப்பா. கேப்பாங்க."

"கேக்கத்தான் செய்வாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஊருக்கே வந்துர்றியா?"

"அங்க வந்து என்ன செய்யிறது?"

"அதுவும் சரிதான்."

"நீங்க இங்க இருங்களேன்."

"ஆடு இருக்கேம்மா."

அவள் வாங்கி வைத்திருந்த சட்டையைக் கொடுத்தாள். பதினாலரை அளவு, கை ஏற்கெனவே சுருக்கித் தைத்தது. அவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் போனார். ஒருவர் தோளைத் தட்டினார், இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் நடுவில் ஆட்கள் வந்துவிட்டார்கள். இவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

பிறகு இரண்டு வாரத்துக்கு எங்கள் சந்தில் அவளைக் கண்டவர்களெல்லாம் நிறுத்தினார்கள். "பெரியப்பா எப்படி இருக்காரு? எப்ப வருவாரு?" அவள் நின்று பதில் சொன்னாள். நன்றாக இருக்கிறார், ஆடு குட்டி போட்டிருக்கிறது. நான் ஒருநாள் போனை நீட்டி நம்பரைப் பதியச் சொன்னேன். பதிந்தாள். ரெண்டு பேருக்கும் அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காய்கறி வண்டிக்காரி யாயா வருகிற நேரத்துக்கு அவளும் வெளியே வந்து நிற்க ஆரம்பித்தாள். ஒரு நாள் முனை வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணொருத்தி, கீரையைப் பொறுக்கிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரரு என்ன வேலைக்கா?"

ருமியாத்தி கீரைக்கட்டைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"மலேசியாவுக்குப் போனாரு. திரும்பி வரல. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

யாயா தராசை நிறுத்தாமலே சொன்னாள், "அவ்வளவு தூரம் போயாவது வராம இருந்தாரு. என் வீட்டுக்காரன் தங்கெராங் போயே வரலயே! பஸ்ல ஒண்ணரை மணி நேரம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ருமியாத்தி சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே ஓடவும் இல்லை. மிளகாய் பொறுக்கினாள், தக்காளி பொறுக்கினாள், காசு கொடுத்து மீதி வாங்கிக்கொண்டு போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

இருபது வருடத்தில் முதல்முறையாக அந்த லெபாரானுக்கு ஊருக்குப் போனாள். பத்து நாள் விடுப்பு என்று சொல்லிவிட்டுப் போனவள், ஆறாம் நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தாள். சந்தே காலியாக இருந்தது. எல்லோரும் அவரவர் ஊரில். எனக்குப் போக வேறு ஊர் கிடையாது என்பதால் நான் மட்டும் இருந்தேன்.

"என்ன அதுக்குள்ள வந்துட்ட? அப்பாவுக்கு உடம்பு ஏதும்?"

"நல்லா இருக்காரு. பேசிக்கிட்டே இருக்காரு." பையை இறக்கி வைத்தாள். "வீடு பூரா ஆளுங்கக்கா. மூச்சு முட்டிருச்சு."

என் அறை வாசலில் உட்கார்ந்தாள். நான் இஸ்திரி போட்டேன். துணி அன்றைக்கு அதிகம் இல்லை, மூன்றே மூன்று சட்டைதான். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தாள். பிறகு, மிச்ச விடுப்பு வேண்டாம், நாளைக்கே வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி எழுந்து போனாள்.